ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை

நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டி நடக்கும். தலைப்புகள் சுற்றிச் சுற்றி அதேதான் வரும். மரம் வளர்ப்போம், மழைநீர் சேமிப்போம், ஊழலை ஒழிப்போம். சமையல் கூடத்து வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கியபடி நான் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆறாம் வகுப்புப் பிள்ளை மைக்கைப் பிடித்துக்கொண்டு ஊழல், ஊழல் என்று தொண்டை கிழியக் கத்தும். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். பிள்ளை மேல் இல்லை. அதற்கு எழுதிக் கொடுத்த வாத்தியார் மேலும் இல்லை. அந்தப் பேச்சுக்குள் வருகிறானே ஊழல்காரன், அவன் மேல்தான். ஒவ்வொரு வருடமும் அவன் அதே ஆள். தொப்பை இருக்கும், மேசைக்கு அடியில் கையை நீட்டுவான், அந்தக் கையில் நோட்டுக் கட்டு இருக்கும். அவனைத் திட்டிவிட்டு எல்லோரும் கை தட்டிவிட்டு சாம்பார் சாதம் சாப்பிடப் போய்விடுவார்கள்.

அப்படிப்பட்ட ஒருவனை எங்கள் தெருவில் நான் பார்த்ததே கிடையாது. நான் பார்த்த ஊழல் விடியற்காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போனது. கையில் பூக்கூடை இருந்தது. அது என் அப்பா. நைனா என்று கூப்பிடுவோம்.

இதைச் சொல்லிவிட்டேன், இனி நைனாவைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி. ஆனால் ஒன்று. அந்த மனுஷன் தன் வாழ்நாளில் லஞ்சம் வாங்கியதில்லை, கொடுத்ததுமில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். நானும் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.

எங்கள் பக்கம் யாரும் ஊழல் என்கிற வார்த்தையை வாயால் சொல்லமாட்டார்கள். அது பேப்பரில் வரும், தேர்தல் நேரத்தில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வரும். மேலே எங்கேயோ, நாம் பார்க்கவே முடியாத உயரத்தில் நடக்கிற சமாசாரம் அது. கீழே நமக்கு வேறு வார்த்தைகள் இருந்தன. சந்தையில் கடை போட்டால் மாமூல். ஆபீசில் காகிதம் நகர டீ செலவு. பெரிய காரியமென்றால் "கொஞ்சம் கவனிக்கணும்". லஞ்சம் என்றால் வாங்குகிறவனைத் திட்ட ஒரு சொல். கொடுக்கிறவனைத் திட்ட ஒரு சொல்லும் இல்லை, அவன் பாவம், கஷ்டப்பட்டவன். அதிலும் கொடுப்பது பணமாக இல்லாமல் பூவாகவோ பழமாகவோ இருந்துவிட்டால், அதற்கு மரியாதை என்று பெயர். ஒரு முறை கிளை நூலகத்தில் பழைய அகராதியைப் புரட்டி ஊழல் என்ற சொல்லைத் தேடினேன். பதம் கெட்டுப்போவது, அழுகுவது என்கிற பொருளில் ஏதோ போட்டிருந்தது. அந்த இடத்தில் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அகராதியை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நைனா கோயிலில் மாலை கட்டுகிறவர். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற தடத்தில் எத்தனையோ ஊர், எத்தனையோ அம்மன். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். சின்னக் கோயில்தான். ஆனால் எங்கள் அம்மனுக்குச் சாத்திக் களைந்த மாலையை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பூசை மாடத்தில் வைத்து, கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணின் கழுத்தில் ஒரு சுற்றுப் போட்டு எடுத்தால் வரன் அமையும் என்று ஒரு பேச்சு உண்டு. பதினோரு வெள்ளிக்கிழமை செய்ய வேண்டும். அதற்காகவே வெளியூரிலிருந்து வருவார்கள், வரிசையில் நிற்பார்கள். களைந்த மாலை யாருக்குப் போகிறது என்பது பூசாரி கையில் இருந்தது. நைனா சொன்னால் பூசாரி தட்டமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்தாறு வயது இருக்கும்போது, எங்கள் ஊர்க் காலனியை ஒட்டியிருந்த நடுநிலைப் பள்ளிக்குச் சத்துணவு அமைப்பாளர் வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டினார்கள். பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும், பக்கத்திலேயே குடியிருக்க வேண்டும். விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. நான் விதவையும் இல்லை, ஆதரவற்றவளும் இல்லை. கல்யாணமாகாமல் அப்பன் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். வேலை இருந்தால் நல்ல இடமாக வரும் என்று நைனாவுக்கு ஆசை, எனக்கும் ஆசை. மனுப் போட்டேன்.

அவளும் போட்டாள். அவள் காலனிக்காரி. எனக்குப் பத்தாம் வகுப்புவரை பக்கத்து இடம். என்னைவிட நன்றாகப் படிப்பாள், கணக்கில் அவளைப் பார்த்துத்தான் நான் தேறினேன். அவள் புருஷன் மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்குக் கல் ஏற்றி இறக்குகிறவன். லாரியிலிருந்து கல் சரிந்து அவன் மேல் விழுந்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை. மகள் மூன்றாம் வகுப்பு, மகன் ஒன்றாம் வகுப்பு. கடலோர ஓட்டல் ஒன்றில் அறை பெருக்கித் துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். காலை முதல் பஸ்ஸில் போனால் இருட்டத்தான் வருவாள். எட்டு வயதுப் பெண், தம்பியைக் குளிப்பாட்டி, வீட்டைப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வரும்.

மனுவைக் கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். என் விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தைத் தப்பாக நிரப்பியிருந்தேன், அவள்தான் பார்த்துத் திருத்திக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னாள்.

"உனுக்கு இன்னாடி, நைனா கீறாரு, சோறு போடுவாரு. எனுக்கு இது கெடச்சா புள்ளைங்க ரெண்டும் கண்ணு முன்னாடி இருக்கும். ஸ்கூலு எங்க வூட்டுக்கு எதுத்தாப்புலதான கீது. அது போதும்டி எனுக்கு."

நான் தலையை ஆட்டினேன். "உனுக்குத்தான் கெடைக்கும், பாரேன்" என்று வேறு சொன்னேன். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னேன். அதனால் என்ன ஆகிவிட்டது?

ஆளைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரி செங்கல்பட்டில் குடியிருந்தார். அவருடைய மூத்த மகளுக்கு வரன் அமையாமல் வீட்டில் பெரிய பேஜாராக இருக்கிறது என்பது கோயிலுக்கு வந்த யாரோ மூலமாக நைனா காதுக்கு வந்தது. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நைனா கூடையில் வாழையிலை விரித்து, மாலையை வைத்து, ஈரத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு போனார். வரிசையில் நின்ற யாருக்கோ போக வேண்டிய மாலை அது. அதிகாரி வீட்டு அம்மாவிடம், "அம்மன் மால, பாப்பாவுக்கு" என்று கொடுத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். மூன்றாவது வாரம் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார்களாம். ஐந்தாவது வாரம் நைனா வீட்டுக்குள் நுழையும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

"நானா வாயத் தொறக்கல. சத்தியமா தொறக்கல. அவங்களேதான் கேட்டாங்க, உங்க பொண்ணு இன்னா பண்ணுதுன்னு."

நைனாவுக்கு அதில்தான் பெருமை. கேட்டு வாங்கினால்தான் தப்பு, தானாக நடந்தால் அது அம்மன் செயல். மனு போட்டிருக்கிற விஷயத்தை மட்டும் பவ்யமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

நான் ஒன்றும் தெரியாத பச்சைக் குழந்தை இல்லை. பத்தாவது வாரம் நேர்முகத்துக்குக் கடிதம் வந்திருந்தது. பதினோராவது வாரத்து மாலையை நானே உட்கார்ந்து கட்டினேன். சம்பங்கியும் மரிக்கொழுந்தும் வைத்து, நடுவில் செவ்வரளி கொடுத்து, வாழைநார் விரலை அறுக்க அறுக்கக் கட்டினேன். "நல்லா கனமா கட்டு" என்றார் நைனா. கனமாகத்தான் கட்டினேன். எதற்காகக் கட்டுகிறேன் என்று என் பத்து விரலுக்கும் தெரியும்.

நேர்முகத்தில் அவளுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. புருஷனின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்கள். வெளியே வந்தவள், "எல்லாம் கரெக்டா கீதுன்னு சொன்னாங்கடி" என்றாள். அவ்வளவு சந்தோஷம் அவள் முகத்தில். அடுத்து நான் போனேன். அதிகாரி என் காகிதங்களைத் தொடவே இல்லை. "அப்பா நல்லா இருக்காரா?" என்றார். நன்றாக இருக்கிறார் என்றேன். "போய்ட்டு வாம்மா" என்றார்.

வேலைக்கான உத்தரவு என் வீட்டுக்கு வந்தது.

இரண்டு நாள் கழித்து அவள் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பிடித்தாள். கோபமாகக்கூட இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"எப்டிடி?"

"அம்மன் குட்த்தா" என்றேன்.

அந்த வாயை இப்போது நினைத்தாலும் அறைய வேண்டும் போலிருக்கிறது. எனக்கு அன்றைக்கு ஒரு பொய்யும் தேவைப்படவில்லை பாருங்கள். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருந்தது, பக்தியிலேயே. அவள் பஸ் ஏறிவிட்டாள்.

அடுத்த மாதம் செங்கல்பட்டுக்குப் போய்ப் புகார் மனு கொடுத்துவிட்டாள். ஆபீசுக்கு வெளியே மரத்தடியில் மேசை போட்டுக்கொண்டு மனு எழுதித் தருகிறவர்கள் இருப்பார்களே, அவர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சேதி எங்கள் தெருவுக்கு வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, சொல்லி மாளாது. எங்களைப் பார்த்து ஊழல் என்று எழுதிவிட்டாளாம். நாங்கள் என்ன நாட்டையா விற்றோம்? அம்மனுக்கு மாலை கட்டிப் பிழைக்கிற குடும்பத்தைப் பார்த்து அந்த வார்த்தையா? மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செய்ததை நினைத்து இல்லை, அந்த வார்த்தையை நினைத்து.

விசாரிக்க ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எங்கள் தெருக்காரர்கள் ஒரு பக்கம், காலனிக்காரர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். அவர் மனுவை எடுத்துப் படித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"பணம் பெற்றுக்கொண்டு ஊழல் செய்து பணி வழங்கியுள்ளார்கள்னு எழுதியிருக்கே. எவ்வளவு பணம்? யாரு குடுத்தா? நீ பாத்தியாம்மா?"

"பணம்னு நான் சொல்லல சார். எனுக்கு வரவேண்டியத அநியாயமா குட்த்துட்டாங்கன்னுதான் சொன்னேன். மனு எழுதுறவருதான், பணம்னு போட்டாத்தான் ஊழல்னு எடுத்துப்பாங்க, இல்லேன்னா தூக்கிப் போட்டுடுவாங்கன்னு சொல்ட்டு எழுதினாரு."

"அப்போ பணம் குடுக்கலைங்கிறியா?"

"இன்னா குட்த்தாங்கன்னு எனுக்குத் தெரியாது சார். எங்கள மாதிரி இருக்கறவங்களுக்குத்தான் மொதல்லன்னு போர்டுல ஒட்டியிருந்துச்சு. நீங்களே படிங்க. அப்புறம் ஏன் எனுக்கு வரல, அத்த மட்டும் அவங்கள கேளுங்க சார்."

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. அன்றைக்கு அந்தத் தாழ்வாரத்தில் அதைத் தவிர வேறு கேள்வியே கிடையாது. அவர் அதைக் கேட்கவில்லை. மனுவில் பணம் என்று எழுதியிருந்தது, அவர் பணத்தைத்தான் தேட வந்திருந்தார். நைனா பக்கம் திரும்பி, "பெரியவரே, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

நைனா மடியிலிருந்து ஒரு சூடக் கட்டியை எடுத்துச் சிமென்டுத் தரையில் வைத்தார். பக்கத்தில் இருந்தவரிடம் தீப்பெட்டி வாங்கிக் கொளுத்தினார். எரிகிற சூடத்துக்கு மேலே வலது கையை நீட்டினார்.

"எம் பொண்ணு வேலைக்காக யாருக்காச்சும் ஒத்தப் பைசா நான் குட்த்திருந்தா, அம்மா இந்தக் கைய எடுத்துக்கட்டும். இந்தக் கையாலதான் அவளுக்கு மால கட்டுறேன்."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் ஓங்கி அடித்துச் சூடத்தை அணைத்தார். காலனிப் பக்கம் நின்ற வயசானவர்கள்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். விசாரிக்க வந்தவர் தன் கன்னத்தில் மெல்லப் போட்டுக்கொண்டார். அரசாங்கத்து ஆள், பேனா வைத்திருக்கிற ஆள், அவரே. எங்கள் ஊரில் சூடம் அணைத்துச் சொன்னதற்கு மேல் விசாரணை கிடையாது. பிறகு அவர் எழுதினார். பணப் பரிமாற்றம் எதுவும் நடைபெறவில்லை, புகாருக்கு ஆதாரம் இல்லை. அவளைக் கூப்பிட்டு, பொய் மனு கொடுத்தால் கேஸ் போடலாம், தெரியுமா என்று மிரட்டினார். கையெழுத்துப் போடச் சொன்னார். குண்டு குண்டான எழுத்தில் அவள் போட்டாள். பத்தாம் வகுப்பில் பார்த்த அதே கையெழுத்து.

யோசித்துப் பாருங்கள். அவள் மனுவில் இருந்த ஒரே பொய் அந்தப் பணம். அதை எழுதியதும் அவள் இல்லை. நைனா சொன்ன சத்தியத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. நிஜத்தைச் சொன்னவள் பொய்க்காரி ஆனாள், நிஜத்தை மறைத்தவர் சத்தியவான் ஆனார். பணம் என்ற ஒரு சொல்லை வைத்து இத்தனையும் செய்ய முடிந்தது. இதை எந்தப் பிள்ளையும் மைக்கில் பேசாது. எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

அன்றைக்கு நைனா வயிறாரச் சாப்பிட்டார். உள்ளங்கையில் லேசாகச் சிவந்திருந்தது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். "பாத்தியா, நம்ம மேல தப்பு இல்லன்னு அம்மாவே காட்டிட்டா" என்றார். அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் நான் எப்போதோ மன்னித்திருப்பேன். அந்த மனுஷனுக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு அவசியமும் வரவில்லை. வெள்ளந்தி என்று ஊரில் பெயர். இந்த வெள்ளந்திகளைக் கண்டால்தான் எனக்கு இப்போதெல்லாம் பயம்.

மறுநாள் சாயங்காலம் அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஓட்டலுக்குப் போகாமல் லீவு போட்டிருந்தாள் போலிருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டித் தலைவாரி அழைத்துவந்திருந்தாள். நான் உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. நைனாவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"தெரியாம பண்ணிட்டேங்க. சூடத்த அணைச்சு சொல்லிட்டீங்க, அதுக்கு மேல இன்னா கீது. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும்தான் டீச்சர்."

இருபது வருடம் டி போட்டுப் பேசியவள். சத்துணவு அமைப்பாளரைப் பிள்ளைகள் டீச்சர் என்றுதான் கூப்பிடும். அவளும் அன்றோடு பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டாள். நைனா, "வுடும்மா, வயசு, அறியாம செஞ்சிட்ட" என்று பெருந்தன்மையாகச் சொல்லிப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார். எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. சத்தியத்தை நம்பிவிட்டாள், எங்கள் மேல் தப்பில்லை என்று அவளே வந்து சொல்லிவிட்டாள், இனி என்ன என்று நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த வருடம் அதிகாரி மகளுக்குக் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வந்தது. நைனா மணமாலை கட்டிக் கொண்டுபோனார்.

எட்டு வருடம் அவள் பிள்ளைகள் என் முன்னால் தட்டோடு வரிசையில் நின்றன. மகள் என்னைக் கண்டால் எழுந்து நிற்கும், கேட்காமலே குடத்தில் தண்ணீர் பிடித்துவந்து வைக்கும். வாரம் ஒரு முறை காகிதத்தில் சுற்றி முருங்கைக்காயோ கீரையோ கொண்டுவரும். "அம்மா குட்த்தனுப்புனாங்க டீச்சர்" என்று நீட்டும். நான் வாங்கிக்கொள்வேன். எங்கள் வீட்டில் முருங்கைக்காய் சாம்பார் என்றாலே அவள் வீட்டுக் காய்தான். எவ்வளவு நல்ல மனசு, நடந்ததை மறந்துவிட்டாள் பார் என்று மெச்சிக்கொள்வேன். முட்டை போடுகிற நாளில் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய முட்டையாகப் பார்த்து வைப்பேன். அதோடு என் கடன் தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஒரு முறை மகனுக்கு வகுப்பிலேயே காய்ச்சல் அடித்து உடம்பு தூக்கிப் போட்டது. அவள் மாமல்லபுரத்தில் எந்த ஓட்டலில் எந்த அறையைத் துடைத்துக்கொண்டிருந்தாளோ. சொல்லியனுப்ப வழியில்லை. அக்காக்காரி பத்து வயது, சாவிக் கயிற்றைக் கடித்துக்கொண்டு அழுதபடி நின்றது. நான் பையனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டு, பள்ளிக்குக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொழுது சாய்ந்து அவள் ஓடிவந்தாள். ஈரம் காயாத புடவை, கையெல்லாம் பினாயில் நாற்றம். பையனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க டீச்சர்" என்றாள். ஊரே என்னைப் புகழ்ந்தது, பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டாள் என்று. பெற்ற தாய் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருக்க வேண்டியவள். நான் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவள். அவளை விரட்டிவிட்டு அவள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு பாராட்டு வாங்கினேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக எனக்குச் சுருக்கென்றது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

நைனா இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓரிரு வருடங்கள் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். கடைசிவரை கை நன்றாகத்தான் இருந்தது. அம்மன் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இருக்கிறவரை எனக்குச் சொல்லத் துணிச்சல் இல்லை. போன பிறகு, சாக்குச் சொல்ல ஆள் இல்லை.

அவள் மகன் எட்டாம் வகுப்பை முடித்தான். மகள் ஏற்கெனவே புதுப்பட்டினத்தில் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது, அவனையும் அங்கேயே சேர்க்கப் போகிறாள். மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள். வெயில் கொளுத்துகிற நேரம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. சான்றிதழைப் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கத்துப் புளியமரத்தடியில் நின்றாள். நான் ஸ்டோர் அறையைப் பூட்டிவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் போட்டு உடைத்தேன். பதினோரு வெள்ளிக்கிழமை, அதிகாரி மகள், கடைசி மாலையை நானே கட்டியது, எல்லாம். பைசா கொடுக்கவில்லைதான், ஆனால் அந்த மாலையால்தான் வேலை வந்தது, உன்னுடையதைத்தான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

"எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும். உங்க நைனா பதினோரு வாரம் கூடையோட ஏறுன பஸ்ஸுலதான நான் செங்கல்பட்டுக்குப் போயி மனு குட்த்தேன். எந்த வூட்டுக்கு மால போச்சுன்னு பஸ்ஸுல யாரக் கேட்டாலும் சொல்லப் போறாங்க."

"அப்புறம் ஏன் விசாரணைல சொல்லல?"

"சாமி மாலையப் போயி லஞ்சம்னு சொன்னா, யாரு வுடுவா? அதுவும் நானு சொன்னா."

"பின்ன எங்க வூட்டுக்கு வந்து மன்னிப்பு ஏன் கேட்ட? நீ ஏன் கேக்கணும்?" என்றேன். எனக்கே கோபம் வந்தது, அவள் மேல், என்ன அக்கிரமம் பாருங்கள்.

அவள் அப்போதுதான் என்னை நேராகப் பார்த்தாள்.

"எம் புள்ளைங்க ரெண்டும் எட்டு வருஷம் உங்க கையாலதான துன்னணும். உங்கள பகைச்சிக்கினு எங்க போவேன்? நீங்க ஒண்ணும் பண்ணமாட்டீங்கன்னு எனுக்கு எப்டித் தெரியும்? அத்தினி வருஷம் முருங்கக்கா பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க?"

அவள் குரல் உயரவே இல்லை. பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவள் போல, என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எதுக்கு சொல்றீங்க டீச்சர்? வேலைய வுடப் போறீங்களா?"

நான் முதலில் கேலி என்றுதான் நினைத்தேன். கேலி இல்லை. நாற்பது வயதுவரை அந்த வேலைக்கு மனுப் போடலாம். எங்கள் இரண்டு பேருக்கும் முப்பத்திநாலு. அவள் நிஜமாகத்தான் கேட்டாள், கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் பஸ் தெரிந்தது. அது வந்து நின்று, இரண்டு பேர் இறங்கி, கண்டக்டர் அவளைப் பார்த்து ஏறுகிறாயா இல்லையா என்று கத்துகிறவரை அவள் எனக்கு நேரம் கொடுத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அவள் ஏறிக்கொண்டாள்.